நிறத்தை இடத்துக்குக் கட்டு, ஃபோகஸுக்கு இடம் காட்டு: வடசென்னை வெளிச்சத்தில் பாக்கெட் கேமராவுக்கு எந்த செட்டிங்?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடை ஒன்றில் மாம்பழ மஞ்சள் புடவையை மேசையில் விரித்து, திரை நிறைய ஒரு படம் எடுங்கள். அடுத்து, அதன் பக்கத்தில் அரக்குப் புடவை ஒன்றை வைத்து இன்னொரு படம். விளக்கு மாறவில்லை, மேசை மாறவில்லை. ஆனாலும் இரண்டு படத்திலும் மஞ்சள் ஒரே மஞ்சளாக இருக்காது. முதலாவதில் வெளிறிப்போய், விரிப்பின் வெள்ளை ஓரம் நீலம் பூத்திருக்கும். இரண்டாவதில் எலுமிச்சைப் பக்கம் சாய்ந்திருக்கும். "படத்துல பார்த்த கலர் இது இல்லையேண்ணா" என்ற வாட்ஸப் செய்தியோடு புடவை கடைக்குத் திரும்புவது இப்படித்தான். கேமரா கெட்டுப்போகவில்லை. திரையில் எந்த நிறம் மிகுதியோ, அது விளக்கின் குற்றம் என்று நினைத்து, வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைக் கழித்துவிட்டது.

ஆட்டோஃபோகஸும் இதே மாதிரி ஊகம்தான். எது கிட்டே இருக்கிறதோ, எது பளிச்சென்று கோடு காட்டுகிறதோ, அதுதான் உங்களுக்கு வேண்டியது என்று முடிவு கட்டும். ஆனால் இரண்டு ஊகமும் தப்பினால் வரும் நஷ்டம் ஒன்றல்ல. நிறம் பிசகினால் பிறகு ஓரளவு இழுத்துச் சரி செய்யலாம். ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) தரும் கேமராவாக இருந்தால் முழுக்கவே சரி செய்யலாம். ஃபோகஸ் பிசகிய படத்தை எந்த ஆப்பும் முழுசாக மீட்காது. அதனால் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றத்தான் பொறுமை இருக்கிறது என்றால், முதலில் ஃபோகஸை மாற்றுங்கள். புடவை, நகை, துணி விற்பவர்களுக்கு மட்டும் இது தலைகீழ். மேசைமேல் அசையாமல் கிடக்கும் துணிக்கு ஃபோகஸ் தானாகவே அமையும், நிறம்தான் பிழைப்பு.

எதைத் தொடுவதற்கு முன்பும் பச்சை நிற ஆட்டோ மோடிலிருந்து வெளியே வந்து 'பி' மோடுக்குப் போக வேண்டும். ஆட்டோவில் இருக்கும்வரை பெரும்பாலான கேமராக்களில் ஒயிட் பேலன்ஸும் ஃபோகஸ் கட்டமும் மெனுவில் கண்ணிலேயே படாது. "என் கேமராவில் அந்த ஆப்ஷனே இல்லை" என்பவர்களில் பலர் பச்சை மோடில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

நிறம்: ஆட்டோ, சின்னங்கள், கஸ்டம், கெல்வின்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். மெழுகுவத்தி சுமார் 1,900. சோடியம் விளக்கு 2,000 சொச்சம். பழைய குண்டு பல்ப் 2,700. உச்சி வெயில் 5,200 முதல் 5,500. மேகமூட்டம் 6,000 முதல் 6,500. நீல வானம் மட்டும் வெளிச்சம் தரும் நிழல் 7,000, 8,000 என்று ஏறும். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். கேமராவின் ஆட்டோ ஏறக்குறைய 3,000 முதல் 7,000 வரைதான் சமாளிக்கும். சோடியம் விளக்கு அந்த எல்லைக்குக் கீழே. போதாக்குறைக்கு அது ஏறக்குறைய ஒரே நிறம். அந்த வெளிச்சத்தில் நின்ற சிவப்புச் சட்டையைச் சரியான சிவப்பாகக் காட்ட எந்த செட்டிங்காலும் முடியாது. தெருவிளக்குகள் எல்.இ.டி.க்கு மாறி வருவதில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு லாபம் இது.

இப்போது பலரும் விழும் குழி. கேமரா மெனுவில் டியூப்லைட் படம் போட்ட சின்னம் ஒன்று இருக்கும். கடையில் எரிவது டியூப்லைட். ஆகவே அதை வைப்போம் என்பது நியாயமான யோசனைதான். ஆனால் அந்தச் சின்னம் சுமார் 4,000 கெல்வின் விளக்குக்காக அமைத்தது. நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் எரியும் டியூப்லைட்டும் எல்.இ.டி. பட்டியும் பெரும்பாலும் 6,500. அட்டைப் பெட்டியில் 'கூல் டேலைட்' என்று அச்சிட்டிருக்குமே, அது. 6,500 விளக்கின் கீழ் 4,000 சின்னத்தை வைத்தால் படம் நீலம் பாயும். ஃப்ளோரசன்ட் விளக்கின் பச்சையைக் கழிக்க அந்தச் சின்னம் கொஞ்சம் ஊதாவையும் சேர்ப்பதால், வெள்ளை வேட்டி கத்திரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும்.

கேனான் பாக்கெட் கேமராக்களில் ஃப்ளோரசன்ட் சின்னத்துக்குப் பக்கத்தில் 'ஹெச்' எழுத்தோடு இன்னொன்று இருந்தால் அதுதான் பகல் நிற டியூப்லைட்டுக்கு உரியது. சோனியில் ஃப்ளோரசன்ட்டுக்குள் நான்கு வகை: மைனஸ் 1, பூஜ்யம், பிளஸ் 1, பிளஸ் 2. நமக்கு வேண்டியது பிளஸ் 2. இரண்டும் இல்லாத கேமராவில் மேகச் சின்னத்தை வையுங்கள். மேகத்துக்கும் கூல் டேலைட் டியூப்லைட்டுக்கும் கெல்வின் ஏறக்குறைய ஒன்றுதான். லேசாகப் பச்சை தட்டினால், நிறத்தை நகர்த்தும் வசதி இருக்கும் கேமராவில் ஊதாப் பக்கம் ஒன்றிரண்டு படி தள்ளலாம்.

விலை கூடிய பாக்கெட் கேமராக்களில் கெல்வின் எண்ணையே நேராக வைக்கலாம். வசதிதான். ஆனால் அது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே மட்டும் நகரும். விளக்கில் இருக்கும் பச்சையை அது தொடாது. மலிவான எல்.இ.டி. பட்டிகளில் பச்சைதான் தொல்லை என்பதால், 6,500 என்று வைத்தும் படம் சரியில்லையே என்று குழம்ப வேண்டியிருக்கும்.

புடவைக்குக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்தான். இதில் வேறு கருத்துக்கே இடமில்லை. "இதுதான் வெள்ளை" என்று நீங்கள் கேமராவுக்குக் காட்டுகிறீர்கள். அது மஞ்சளையும் நீலத்தையும் மட்டுமல்ல, பச்சையையும் ஊதாவையும் சேர்த்தே கழிக்கிறது. ஒயிட் பேலன்ஸ் மெனுவில் கடைசியை ஒட்டி 'கஸ்டம்' இருக்கும். அதற்குள் போய், புடவை கிடக்கும் அதே இடத்தில், விளக்கைப் பார்த்து அதே சாய்வில் ஒரு வெள்ளைப் பொருளை வைத்து, திரையின் நடுப்பகுதி முழுக்க அதுவே தெரியும்படி பிடித்து, மெனு சொல்லும் பொத்தானை அழுத்த வேண்டும். ஃபிளாஷ் அணைந்திருக்கட்டும். உங்கள் தலையின் நிழல் அதன்மேல் விழக் கூடாது. நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையின் சாயலும் விழக் கூடாது. பிழைச் செய்தி வந்தால் வெளிச்சம் கூடுதல் அல்லது குறைவு என்று பொருள். வெள்ளை எரிந்துபோகும் அளவுக்கு வெளிச்சம் இருந்தால், கேமரா பிழை சொல்லாமலேயே தவறான அளவை எடுத்துக்கொள்வதும் உண்டு. எக்ஸ்போஷரைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

எந்த வெள்ளை என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கைக்கு எட்டும் வேட்டியைக் காட்டுவார்கள். அது சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி. கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு நீலம். நீலத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா, எல்லாப் படத்திலும் மஞ்சளைக் கூட்டிவிடும். ஏ4 தாளிலும் வெளுப்பூட்டும் ரசாயனம் உண்டு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். டியூப்லைட்டில் தொல்லை குறைவு, ஜன்னலோரத்தில் அதிகம். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டை இருந்தால் நல்லது. இல்லையென்றால் குழாய்க் கடைக்குப் போய் வெள்ளை டெஃப்லான் டேப் ஒரு சுருள் வாங்குங்கள். குழாய் மரையில் சுற்றுகிறார்களே, அதுதான். உள்ளங்கை அகல அட்டை ஒன்றில் ஓரத்தோடு ஓரம் ஏறும்படி, அட்டையின் நிறம் துளியும் தெரியாத அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு அடுக்கு சுற்றிவிட்டால் போதும். டெஃப்லான் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகத் திருப்பி அனுப்பும் பொருள். அதில் நீலம் போட்டிருக்க யாருக்கும் காரணமில்லை. அழுக்கானால் உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றலாம்.

இவ்வளவும் செய்து நிறம் வரவில்லை என்றால், அநேகமாக இரண்டு வெளிச்சம் கலந்திருக்கும். கடை வாசலிலிருந்து பகல் வெளிச்சம், உள்ளே மேலிருந்து எல்.இ.டி. புடவையின் வாசல் பக்கம் ஒரு நிறம், உள்பக்கம் ஒரு நிறம். எந்த ஒயிட் பேலன்ஸும் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் சரியாகாது. ஒன்றை அணைக்க வேண்டும். மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு உள் விளக்கை நிறுத்துவது ஒரு வழி; கடை ஷட்டரைப் பாதி இறக்கி விளக்கில் மட்டும் எடுப்பது இன்னொரு வழி. முதலாவதில் வெளிச்சம் தரமானது, ஆனால் நேரத்துக்கு நேரம் மாறும். எதிர்க் கடையின் நீலத் தார்ப்பாயும் பச்சைச் சுவரும் சாயம் ஏற்றும் என்பதால் அரை மணிக்கு ஒரு தடவை கஸ்டம் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டாவதில் காலையில் வைத்தது இரவுவரை நிற்கும். நாளைக்கு ஐம்பது புடவை எடுப்பவருக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும். நாலைந்து பட்டுப் புடவை மட்டும் எடுப்பவர் வாசலுக்கே வரட்டும்.

இரண்டாவது வழியில் ஒரு கண்ணி உண்டு. மலிவான எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தைத் துணி திருப்பி அனுப்ப முடியாது. அரக்கு காப்பிப்பொடி நிறத்துக்கு இறங்கிவிடும். கஸ்டம் வைத்தாலும் வெள்ளை வெள்ளையாக இருக்கும், அரக்கு மட்டும் செத்துக் கிடக்கும். பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்ட விளக்கு இரண்டு வாங்கி மாட்டுவது, கேமரா மாற்றுவதைவிடச் சல்லிசு.

பழைய சோக் வைத்த டியூப்லைட் என்றால் இன்னொரு தலைவலி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் நிறம் கொஞ்சம் மாறும். 1/500 நொடியில் எடுத்தால் அந்தத் துடிப்பின் ஒரு துண்டு மட்டுமே சிக்கும். செட்டிங்கைத் தொடாமலேயே படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறுவது இதனால்தான். எலெக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை பட்டையாகவே விழும். 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும். ஷட்டர் வேகம் வைக்க வழியில்லாத சின்ன கேமராவில், வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 100-க்கு இறக்கி, ஸ்டாண்டில் வைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள். வெளிச்சம் போதாததால் கேமரா தானே மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும்.

காசிமேட்டில் விடியல்

மீன்பிடித் துறைமுகத்தில் நிலைமை வேறு. ஜனவரியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் வரும், மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும். ஏலம் அதற்கு முன்பே சூடு பிடித்திருக்கும். மின்விளக்கு, கருநீல வானம், பிறகு கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும் மஞ்சள் வெயில். அரை மணி நேரத்துக்குள் மூன்று வெளிச்சம். இங்கே கஸ்டம் வைத்துக்கொண்டு திரிவது வீண் வேலை. இருபது அடி நடந்தால் அது செல்லாது.

ஆட்டோவா, வெயில் சின்னமா என்பதுதான் கேள்வி. ஒன்றிரண்டு படம் எடுத்து அப்போதே அனுப்புவதானால் ஆட்டோ போதும். தொடராக எடுப்பவர் வெயில் சின்னத்தை வைத்து அப்படியே விட்டுவிடலாம். விடியலுக்கு முந்தைய படங்கள் நீலமாகவும், வெயில் வந்தபின் பொன்னாகவும் வரும்; எந்தப் படம் எந்த நேரம் என்று பார்த்ததுமே தெரியும். ஆட்டோ அந்த நீலத்தையும் பொன்னையும் கழித்து எல்லாவற்றையும் பதினோரு மணி ஆக்கிவிடும்.

மீனையே விற்பதற்காகப் படம் எடுப்பவருக்கு இது ஒத்துவராது. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சங்கரா மீனின் சிவப்பு சாம்பலாகிவிடும், செவுள் கருத்துத் தெரியும். நேற்றைய மீன் என்று வாங்குபவர் நினைப்பார். அங்கே ஓர் இடத்தைப் பிடித்து நின்று கஸ்டம் வையுங்கள். வெள்ளைப் பொருளுக்கு அலைய வேண்டாம். ஐஸ் போட்டு மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டியின் மூடி பக்கத்திலேயே கிடக்கும். சுத்தமான பக்கத்தைத் திருப்பி, ஈரத்தைத் துடைத்து, விளக்கு பளபளக்காத சாய்வில் பிடித்தால் போதும்.

ஃபோகஸுக்கு இங்கே எதிரி செதில். ஈரச் செதிலின் மினுமினுப்பு ஒவ்வொன்றும் கேமராவுக்கு ஒரு கூர்மையான புள்ளியாகத் தெரியும். கேமரா அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பச்சைக் கட்டம் காட்டும், படம் கூழாக வரும். கட்டத்தை மீனின் கண் விளிம்பிலோ செவுள் மூடியின் கோட்டிலோ வையுங்கள். பூச் சின்னம் போட்ட மேக்ரோ மோட், மீனுக்கு அரை மீட்டருக்குள் போனால்தான் தேவை. முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். மேக்ரோவிலேயே இருந்த கேமரா, தூரத்துப் படகைப் பிடிக்கத் தெரியாமல் லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஏ.சி. காரிலிருந்து கேமராவோடு நேரே இறங்காதீர்கள். கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் படிந்து கால் மணி நேரத்துக்கு எல்லாமே பனிப்புகை. துடைக்கத் துடைக்கப் படியும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் மூடி வைத்து, வெளிச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபோகஸ்: யார் இடத்தைத் தீர்மானிப்பது

பாக்கெட் கேமராக்களில் பல, காட்சியின் கூர்மையைப் பார்த்தே ஃபோகஸ் செய்கின்றன. லென்ஸை நகர்த்தி நகர்த்தி, எந்த இடத்தில் கோடுகள் மிகக் கூர்மையாகின்றனவோ அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிற்கும். கோடே இல்லாத வெள்ளைச் சுவரிலும், இருட்டிலும் அது தடுமாறுவது இதனால்தான். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் இந்த வேலை நடக்கும்; முழுக்க அழுத்தினால் படம். ஒரே அழுத்தாக அழுத்துபவர்களுக்குத்தான் 'க்ளிக் பண்ணி ஒரு செகண்ட் கழிச்சு எடுக்குது' என்ற குறை. பாதி அழுத்தி, கட்டம் பச்சையாகும்வரை விரலை நிறுத்தி, பிறகு மிச்சத்தை அழுத்தினால் அந்தத் தாமதம் பெருமளவு மறைந்துவிடும்.

கேமரா வாங்கும்போதே வைத்திருக்கும் செட்டிங் பல புள்ளி அல்லது முகம் தேடும் முறை. கல்யாண வீட்டில் முகம் தேடுவது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வடசென்னைத் தெருவில் முகத்துக்குப் பஞ்சமே இல்லை. பிறந்தநாள் ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி, கட்சிச் சுவரொட்டி என்று எல்லாவற்றிலும் இரண்டு கண், ஒரு மூக்கு, நேர்ப்பார்வை. முன்னால் பக்கவாட்டில் நிற்கும் டீக்கடைக்காரரை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் ஃபிளெக்ஸில் சிரிப்பவரைக் கேமரா கட்டம் போட்டுப் பிடிக்கும். மண்டபத்திலும் மேடைக்குப் பின்னால் மணமக்கள் படம் போட்ட பேனர் இருந்தால் இதே கதைதான். பல புள்ளி முறையோ, கட்டத்துக்குள் எது கிட்டே இருக்கிறதோ அதைப் பிடிக்கும்: மீன் கூடையின் விளிம்பு, ஜன்னல் கம்பி, பாக்ஸிங் வளையத்தின் கயிறு.

எங்கள் தேர்வு நடுப்புள்ளி. மெனுவில் 'சென்டர்' என்றோ 'ஒன் பாயின்ட்' என்றோ இருக்கும். கட்டத்தின் அளவைச் சிறிதாக்க முடிந்தால் சிறிதாக்குங்கள். வேண்டியதை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பிக் காட்சியை அமைத்து, முழுக்க அழுத்துங்கள். வகுப்பு எடுக்கத் தேவையில்லாத வழி, எந்தக் கேமராவிலும் ஒரே மாதிரி.

இதன் மேல் ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். ஒரு அங்குல சென்சார் கேமராவில், ஜூம் இழுக்காமல், லென்ஸ் திறப்பை எஃப்/4-இல் வைத்து, 1.8 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் 90 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாம் போதுமான கூர்மையோடு வரும். சாதாரண சிறு சென்சார் கேமராவில் இது இன்னும் தாராளம். ஜூமை முழுக்க இழுத்தால்தான் கணக்கு இறுகும். ஒரு அங்குல சென்சாரோடு வரும் 8 மடங்கு ஜூம் கேமராவில் 3 மீட்டரில் நிற்பவரைப் பிடித்தால், அவருக்கு முன்னும் பின்னும் சேர்த்தே இருபது செ.மீ.க்குள்தான் தெளிவு. ஃபோகஸ் சரியில்லை என்று கேமராவைத் திட்டுவதற்குமுன் இரண்டடி முன்னே நடந்து ஜூமைக் குறைத்துப் பாருங்கள்.

கேரம் பலகையில் இந்தக் கணக்கு கண்ணெதிரே நடக்கும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இந்தப் பக்கத்தில் கேரம் எடுக்க வாய்ப்புக்குக் குறைவில்லை. பலகை 74 செ.மீ. சதுரம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, நடுவில் இருக்கும் 'ரெட்' என்ற சிவப்புக் காயை ஒரு மீட்டர் தூரத்தில் பார்க்கிறீர்கள். ஒரு அங்குல சென்சாரில், அகலப் பார்வையில், எஃப்/2.8 வைத்தால் 70 செ.மீ. முதல் ஒன்றரை மீட்டருக்கு மேல்வரை தெளிவு. பலகையும் ஆடுபவர் விரலும் ஒருசேர வரும். அதே எஃப் எண்ணோடு ஜூமை 70 மி.மீ. அளவுக்கு இழுத்தால் தெளிவு சுமார் 9 செ.மீ. மட்டும், அதாவது மூன்று காயின் அகலம். எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு இழுங்கள்.

போரிக் பவுடர் தூவிய வழவழப்பான பலகையில் கேமராவுக்குப் பிடிக்கக் கோடே கிடையாது. போதாததற்குத் தலைக்கு மேல் தொங்கும் விளக்கின் பிம்பம் பலகையில் பளபளக்கும். கட்டம் அந்தப் பளபளப்பில் விழுந்தால் கேமரா பலகையைப் பிடிக்காது, விளக்கின் பிம்பத்தைப் பிடிக்கும். ஃபோகஸ் பலகைக்குக் கீழே எங்கோ போய்விடும். கட்டம் என்னவோ பச்சைதான். ரெட்டின் விளிம்பிலோ, பாக்கெட் வலையின் முடிச்சிலோ கட்டத்தை வைத்துப் பாதி அழுத்துங்கள். பிறகு கேமராவில் மேனுவல் ஃபோகஸ் இருந்தால் அதற்கு மாற்றிவிட்டால் தூரம் அப்படியே நிற்கும். ஸ்ட்ரைக்கர் கிளம்பும்போது கேமரா மறுபடியும் தேடாது. பலகையின் மஞ்சள் திரையை நிறைப்பதால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இங்கேயும் புடவைக் கதையைத்தான் செய்யும். விளக்கு எதுவோ அதற்குரிய சின்னத்தை வைத்துவிடுங்கள்.

ஓடும் ஆளுக்கு என்ன செய்வது? மெனுவில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பெயர்கள் உண்டு. கேனானில் 'கன்டினியுவஸ்' என்பது நீங்கள் பொத்தானைத் தொடாதபோதும் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருப்பது. பாதி அழுத்தியதும் நின்றுவிடும். பேட்டரிதான் தீரும், ஓடுகிறவரைத் துரத்தாது. 'சர்வோ' என்பதுதான் பாதி அழுத்திப் பிடித்திருக்கும்வரை துரத்துவது. வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து எடுக்கச் சர்வோ வேண்டும். அதிலும் கூர்மையை மட்டும் பார்த்துத் தேடும் கேமரா, நேரே ஓடி வருபவரிடம் தோற்றுத்தான் போகும். சோனி ஆர்.எக்ஸ்.100 வரிசையில் மூன்றாவது மாடல் அப்படித்தான். 2016-இல் வந்த ஐந்தாவதில் 315, 2019-இல் வந்த ஏழாவதில் 357 ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகள், அதாவது லென்ஸை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தேடாமலே அறியும் புள்ளிகள். கேனான் ஜி7எக்ஸ் மூன்றாவது மாடல் நிறத்துக்கு நல்ல கேமரா, ஆனால் துரத்தலில் பின்னால்தான். கால்பந்துக்கு என்றே வாங்குவதானால் சோனியின் ஐந்தோ ஏழோ. மற்ற எதற்கும் அந்தக் காசு தேவையில்லை.

பாக்ஸிங்குக்குத் துரத்தலே வேண்டாம் என்பது பலருக்கு நம்பக் கடினம். வளையம் உள்ளளவில் ஆறு மீட்டர்தான். மூலையில் நின்று லென்ஸைக் கயிறுகளுக்கு நடுவே நீட்டி, 3 மீட்டரில் இருக்கும் ஒருவரின் கையுறை ஓரத்தில் ஒரு தடவை ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஜூம் இழுக்காமல் எஃப்/4 என்றால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து எதிர் மூலை தாண்டிவரை எல்லாம் தெளிவு. இனி வேலை ஷட்டர் வேகத்துக்கு: 1/500, அதற்குத் தக்க ஐ.எஸ்.ஓ. ரிக்கோ ஜி.ஆர். வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே பூட்டும் 'ஸ்னாப்' தூரத்தை இரண்டரை மீட்டரில் வைத்து எடுப்பதும் இதே தந்திரம்தான். ஃபோகஸுக்கு உதவும் சின்ன விளக்கை மட்டும் மெனுவில் அணைத்துவிடுங்கள். சில மீட்டருக்கு மேல் அது எட்டாது. ஆடுபவர் கண்ணில் அடித்துத் திட்டு வாங்கித் தரும்.

படம் மங்கினால் எல்லாமே ஃபோகஸ் பிழை அல்ல. பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் வேறு எங்காவது கூர்மை இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எங்குமே கூர்மை இல்லாமல், விளக்குப் புள்ளிகள் கோடாக இழுத்திருந்தால் கை நடுக்கம். பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டால் ஷட்டர் வேகம் போதவில்லை.

பர்மா பஜாரிலோ தெரிந்தவரிடமோ பழைய கேமரா வாங்குவதானால் ஒரு தினத்தாள் போதும். மேசையில் விரித்து, சாய்வாகப் பார்த்தபடி, ஜூமை முழுக்க இழுத்து, நடு வரி ஒன்றில் கட்டத்தை வைத்து எடுங்கள். நீங்கள் குறிவைத்த வரிதான் மிகத் தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வரி தெளிவாக இருந்து, ஐந்து தடவை எடுத்தாலும் அப்படியே என்றால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. கையோடு மெனுவில் ஒயிட் பேலன்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உரிமையாளர் ஏதோ விளக்கில் வைத்த கஸ்டம் இன்னும் அப்படியே இருக்கும். 'பி' மோடில் வைத்தது கேமராவை அணைத்தாலும் போவதில்லை.